பெரியவன் மேட்டுக்கு, சின்னவன் ஊருக்குள்

மார்ச் 3, திங்கள்

சோதனை வண்டிகள் இரண்டும் இன்று வந்து சேர்ந்தன. வேறு வேறு கம்பெனி, ஆனால் ஒரே அளவு, ஒரே வெள்ளை. தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் எல்லாம் பானட்டுக்குள்தான். ஒன்றில் ஆயிரத்து இருநூறு சிசி, சாதா எஞ்சின். தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று ஆயிரம் சிசிதான், ஆனால் டர்போ. வெளியே போகிற புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றும், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும்.

மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க. நம்ம நர்ஸுங்களுக்கு எது ஒத்துவரும்னு எழுதிக் குடுங்க. ஒரே பக்கம். அதுக்கு மேல வேணாம்." எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுகிற மனிதர். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கத்தரிகோல் என்று பெயர். வைத்தவன் நான்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் ஒன்பது வண்டிகளையும் என் ஒரு பக்கத்தை வைத்துத்தான் மாற்றப் போகிறார்கள். இத்தனை வருஷம் ஒர்க்‌ஷாப் பொறுப்பில் இருந்தும் இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமாகவே இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் இளைய நர்ஸ் சின்ன ஸிஸ்டர் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள். சாதா எஞ்சின் பெரியவன், டர்போ சின்னவன். மதியத்துக்குள் வாட்ச்மேன் வரை எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

யாருக்கு எது என்று நான்தான் பிரிக்க வேண்டும். யோசிக்கவே இல்லை. பெரியவன் மேட்டுக்கு, சின்னவன் ஊருக்குள். மேட்டுச் சாலைக்குப் பெரிய எஞ்சின்தானே வேண்டும்? மேட்டு நோயாளிகள் எல்லாம் பெரிய ஸிஸ்டரின் பொறுப்பு. ஆக பெரியவன், பெரிய ஸிஸ்டருக்கு. பொருத்தம் தானாக அமைந்துவிட்டது.

பெரிய ஸிஸ்டர் என்றால் தலைமை நர்ஸ். என் மனைவி. ஆபீஸில் அவள் என்னை "சார்" என்பாள், கட்டின மனைவியை நான் "ஸிஸ்டர்" என்பேன். பத்தொன்பது வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்தால்தான் "என்னங்க". வீட்டுக்குள்ளேயே "சார்" என்று கேட்டால் நான் ஏதோ பெரிதாகச் சொதப்பியிருக்கிறேன் என்று அர்த்தம்.

மார்ச் 7, வெள்ளி

மச்சினன் போன். என் மனைவியின் தம்பி. சின்னவனை அனுப்பிய ஷோரூமில் விற்பனை பார்க்கிறான். "அத்தான், கண்ணை மூடிக்கிட்டு டர்போன்னு எழுதிடுங்க. ஓட்டிப் பார்த்தீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க."

"போனை வை" என்றேன்.

டயர் மாற்றுகிறவன் காதில் விழுந்திருக்கும். சிரித்தான். நாளைக்கு நான் டர்போ என்று எழுதினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மச்சினனுக்கு ஒன்பது வண்டி ஆர்டர் பிடித்துக் கொடுத்தான் என்பார்கள். இவ்வளவு நாள் சேர்த்த நல்ல பெயர் ஒரே டீ வேளையில் போய்விடும்.

மார்ச் 12, புதன்

காலையில் பெரியவனை எடுத்துக்கொண்டு நானே மேட்டுச் சாலை போய்வந்தேன். சுகம். காலில் எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு தருகிறான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மேட்டுச் சந்திப்பில் செங்குத்தாக ஏறிப் பெரிய சாலையில் சேர வேண்டும். ஒரே மூச்சில் ஏறிவிட்டான்.

மாலையில் சின்னவன், ஊருக்குள். மிதித்தால் ஒரு கணம் "என்னையா கேட்டீங்க?" என்று நிற்கிறான். பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளுகிறான். இந்த இரட்டைக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, ஓடி வந்ததும் அணைக்கக்கூடாது, அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டு அந்தச் சக்கரம் சூடு தணிய வேண்டும். எண்ணெய் அவன் சொல்கிற எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வண்டியா, மாப்பிள்ளையா?

மார்ச் 19, புதன்

இன்று மேட்டுச் சந்திப்பில் என் மனைவி மயிரிழையில் தப்பியிருக்கிறாள்.

சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "ரெண்டு பக்கமும் பார்த்துட்டுதாங்க எடுத்தேன். வளைவுல ஒண்ணுமே இல்லை. பின்னாடி ரெண்டு ஆக்சிஜன் சிலிண்டர், மெஷின், மருந்துப் பெட்டி, ஏசி வேற. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சத்தம்தான் வருது, வண்டி வரலை. கண்ணாடியில பார்த்தா குவாரி லாரி முழுசா நிக்குது. அவன் மட்டும் பிரேக் அடிக்கலைன்னா..."

நான் கேட்டது: "கிளட்ச்சை எப்படி விட்டே?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் நர்ஸுங்க. மூச்சு பத்தாதவங்களைப் பார்த்தா எனக்குத் தெரியும். அந்த வண்டிக்கு மூச்சு பத்தலை."

மார்ச் 20, வியாழன்

நான் தினமும் நிரப்பும் வண்டிப் பதிவேட்டில் "ஓட்டுநர் புகார்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். சொன்னது யார்? என் மனைவி. யாருடைய அக்கா? டர்போ விற்கிறவனுடைய அக்கா. சாதா எஞ்சின் ஆகாது என்று குடும்பமே சேர்ந்து எழுதின மாதிரி ஆகிவிடாதா?

வீட்டில் சொன்னது வீட்டுப் பேச்சு. "இல்லை" என்று எழுதினேன்.

மார்ச் 28, வெள்ளி

சின்னவனின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. டர்போ எண்ணெய் குடிக்கும் என்றல்லவா கேள்விப்பட்டேன்? நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் பதிவேட்டில் எழுதினேன். "எண்ணெய் மட்டம் குறையவில்லை, நன்று." பாருங்கள், நான் ஒருதலைப் பட்சமானவன் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்குள் "சார்" வந்துவிட்டது.

"சார், மேட்டுச் சந்திப்பைப் பத்தி அன்னிக்குச் சொன்னேனே, எழுதினீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா? எழுதினீங்களா இல்லையா?"

"முதல் கியர்ல வெச்சு நல்லா மிதிச்சா ஏறும். நான் ஏத்திக் காட்டலை?"

"நீங்க வெறும் ஆளாப் போனீங்க சார். ஒல்லியா, தனியா, ஏசி போடாம. நான் ஒரு ஆஸ்பத்திரியைச் சுமந்துக்கிட்டுப் போறேன்."

டிவியைச் சத்தமாக வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மேட்டுச் சந்திப்பு. லாரி. உயிரோடு இருக்கிறாள்.

ஏப்ரல் 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை பத்து மணி. அதே சந்திப்பு, அதே மாதிரி இரண்டு சிலிண்டர். பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள். வளைவில் லாரி திரும்பியபோது அவள் சாலையில் சேர்ந்துவிட்டாள், ஆனால் வேகம் வரவில்லை. லாரிக்காரன் பிரேக் போட்டும் நிற்காமல் பின்பக்கத்தை இடித்துத் தள்ளியிருக்கிறான். வண்டி சுற்றி ஓரக்கல்லில் நின்றது. இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. நெற்றியில் நான்கு தையல். சிலிண்டர்கள் கட்டின பட்டியில் அப்படியே இருந்திருக்கின்றன. அது மட்டும் அவிழ்ந்திருந்தால்... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

கட்டுப் போடும் அறையில் அவள் முதலில் கேட்டது தன் கையைப் பற்றி இல்லை. "மேல அந்த அம்மாவுக்கு சிலிண்டர் போச்சா சார்?" என்றாள். அந்த மேட்டு நோயாளிக்கு வேறு வண்டியில் போயிற்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணை. மேலாளர் அறையில் நான், அவர், மேஜைமேல் என் பதிவேடு.

லாரிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கிறான்: குறுக்கே வந்து ஊர்ந்தார்கள் என்று. மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். "அஞ்சு வாரம். அந்த வண்டி மேல ஒரு புகார்கூட இல்லையே. நீங்களே ஓட்டிப் பார்த்து, 'மேட்டில் நன்றாக ஏறுகிறது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமாம் சார்."

"அப்போ வண்டி சரி. ஓட்டினவங்க தப்பு. வேற என்ன சொல்ல முடியும்?"

ஓட்டினவர் தப்பு என்றானால் விதி ஒன்றுதான்: இனி வண்டியைத் தொடக்கூடாது. வண்டி இல்லாமல் மேட்டுக்குப் போக முடியாது. தலைமை நர்ஸை மருந்துக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். பதினாறு வருஷமாக ஓட்டுகிறவள், ஒரு கீறல் கிடையாது. மேட்டில் உள்ள பதினாலு வீட்டுக்கும் அவளுடைய ஹாரன் சத்தம் தெரியும்.

புதன்கிழமைக்குள் முடிவு எழுத வேண்டுமாம். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கோழை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒர்க்‌ஷாப் விடுமுறை. சாவி என்னிடம். பெரியவனுக்கு பம்பர்தான் போயிருக்கிறது, ஓடுகிறான். இரண்டு சிலிண்டர், மெஷின், பெட்டி எல்லாம் ஏற்றினேன். அவளுக்கும் எனக்கும் உள்ள எடை வித்தியாசத்துக்கு ஒரு மணல் மூட்டை. ஏசியைப் போட்டேன். இதை மார்ச் மாதம் செய்திருக்க வேண்டும்.

சின்ன ஸிஸ்டர் சின்னவனை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தாள். சந்திப்பு ஓரத்தில் நின்று போனில் நேரம் பார்த்தாள். வளைவில் லாரியின் தலை தெரிவதிலிருந்து அது சந்திப்புக்கு வர ஆறு விநாடி. ஐந்து லாரிக்குப் பார்த்தோம், ஏறக்குறைய ஆறுதான்.

சாலை காலியான நேரம் பார்த்துப் பெரியவனை எடுத்தேன். நின்ற இடத்திலிருந்து ஏறி, சேர்ந்து, நாற்பது வேகம் தொட ஏழரை விநாடி. மறுபடி. ஏழரை. முதல் கியரில் கத்தக் கத்த மிதித்தேன், ஏழு. சத்தம்தான் வருது, வண்டி வரலை. வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னதே.

பாரத்தையெல்லாம் சின்னவனுக்கு மாற்றினோம். ஒரு கணம் யோசித்தான். பிறகு அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டது, மூட்டை சிலிண்டர் எதுவும் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஐந்து விநாடிக்குள். மூன்று முறையும் ஐந்துக்குள்.

சிசியைப் பார்த்தேன் நான். பெரியது பெரியதுதான் என்று. பெயரைப் பார்த்து வண்டி பிரித்த மடையன். சாதா எஞ்சின் தன் பலத்தையெல்லாம் மேலே, வேகமாகச் சுற்றும்போதுதான் தரும். சந்திப்பில் அவளுக்கு வேண்டியது கீழே, எடுத்த எடுப்பில். இது எனக்குத் தெரியாத பாடமா? தெரியும். தெரிந்தும் மச்சினன் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

சின்ன ஸிஸ்டர் போகும்போது கேட்டாள்: "அக்கா இதை முன்னாடியே உங்ககிட்ட சொல்லலையா சார்?"

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று முழுக்க ஒரு கெட்ட யோசனை. பதிவேட்டில் மார்ச் 20, "இல்லை" என்பதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அதே பேனா என்னிடம் இருக்கிறது. "இல்லை" என்பதை அடித்துவிட்டு இரண்டு வரி எழுதினால் யாருக்குத் தெரியும்? மேலாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார் என்பது ஞாபகம் வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் செய்திருப்பேனோ? தெரியவில்லை.

மாலையில் மச்சினன் வந்தான். அக்காவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான், தலையணையைச் சரி செய்தான். என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னான்: "அத்தான், டர்போவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் ஷோரூம்ல சொல்லி வண்டியைத் திரும்ப எடுத்துக்கிறேன். அப்புறம் உங்களை யாரும் எதுவும் பேச முடியாதுல்ல? அக்கா சொன்னதை மட்டும் சொல்லிடுங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எதற்குப் பயந்தேன் என்று அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

"வண்டியை எடுக்காதே" என்றேன். "இரு."

ஏப்ரல் 16, புதன்

அவள் மார்ச் மாதமே சொன்னாள் என்று நான் இன்று வாயால் சொன்னால் மனைவியைக் காப்பாற்றப் புருஷன் அளக்கிறான் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஆனால் எழுதியிருக்கிறேன். அன்றே எழுதியிருக்கிறேன். இந்த டைரியில், மார்ச் 19, அவள் பேசின பேச்சிலேயே.

அந்தத் தாளை மட்டும் கிழித்துக் கொடுக்கலாமா? கிழித்த தாளை யார் நம்புவார்கள்? முன்னும் பின்னும் சேர்ந்து முழுசாக இருந்தால்தான் சாட்சி. முழுசாகக் கொடுத்தால்... மார்ச் 20 படிப்பார். டிவியைச் சத்தமாக வைத்தது, பேனாவை எடுத்து யோசித்தது, எல்லாம் படிப்பார். முதல் பக்கத்திலேயே அவருக்கு நான் வைத்த பெயர் இருக்கிறது. வேலை போகலாம். போனால் போகட்டும் என்று எழுத ஆசை, ஆனால் போகக்கூடாது என்றுதான் இருக்கிறது.

இதை முதலில் அவளிடம் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் புரட்டிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"குடுங்க சார்" என்றாள்.

மேலாளர் அவர்களுக்கு: இனி இதைப் படிக்கப்போவது நீங்கள்தான். மார்ச் 19, 20 இரண்டையும் பாருங்கள். ஏப்ரல் 13 கணக்கைச் சின்ன ஸிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

டைரி இன்றுதான் திரும்பி வந்தது.

ஒன்பது நாள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரே சின்ன ஸிஸ்டரைக் கூட்டிக்கொண்டு சந்திப்புக்குப் போய் நின்று லாரி எண்ணினாராம். இன்று கூப்பிட்டார். பெரிய ஸிஸ்டர்மேல் தப்பில்லை என்று எழுதி முடித்துவிட்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்துக்கு என் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் வண்டி ஓட்டின நர்ஸும் கையெழுத்துப் போட வேண்டும். சரிதான். எனக்கு இது போதாது என்றுதான் தோன்றுகிறது.

"அறிக்கையை எழுதுங்க. உங்க மச்சினன் எங்கே வேலை பார்க்கிறார்ங்கிறதையும் முதல் வரியிலேயே எழுதிடுங்க. மறைக்கிறதுதான் அசிங்கம், மச்சினன் இருக்கிறது அசிங்கம் இல்லை" என்றார். பிறகு, "ரெண்டு பக்கம்கூட எடுத்துக்கலாம்."

ரெண்டு பக்கம்! என் காதையே நம்ப முடியவில்லை.

டைரியை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், "கத்தரிகோல்" என்ற இடத்தில், நடுவே பென்சிலால் ஒரு "க்" போட்டிருக்கிறார். வேறெங்கும் ஒரு கோடுகூட இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அறிக்கை எழுத உட்காருமுன் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். சின்னவனின் எண்ணெய்க் குச்சி: மட்டம் குறையவில்லை என்று மகிழ்ந்தேனே, இன்று பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருக்கிறது. எண்ணெய் எப்படி ஏறும்? முகர்ந்தேன். பெட்ரோல் வாடை.

ஊருக்குள் நாலு தெரு ஓடுவது, அணைப்பது, ஊசி போட்டுவிட்டு வந்து மறுபடி நாலு தெரு. எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோல் கசிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. இப்படியே விட்டால் எண்ணெய் நீர்த்து எஞ்சின் தேயும். குறையவில்லை என்று "நன்று" போட்டவன் நான்.

மச்சினனிடம் போனில் சொன்னேன். "எழுதுங்க அத்தான்" என்றான்.

எழுதினேன். சாதா எஞ்சின் ஊருக்குள் நிம்மதியாக ஓடும், அடிக்கடி அணைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. டர்போ பாரத்தோடு மேட்டுக்கும் நீண்ட ஓட்டத்துக்கும். ஆறு வண்டி சாதா, மூன்று வண்டி டர்போ. ஓட்டுகிறவர்களைக் கேட்காமல் யாரும், குறிப்பாக நான், வண்டி பிரிக்கக்கூடாது. ஒன்றேமுக்கால் பக்கம் வந்தது.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சரியா இருக்கு சார்" என்றாள். இன்னும் சார்தான்.

மே 26, திங்கள்

கட்டுப் பிரித்து ஐந்து நாள் ஆகிறது. இன்றிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் ஒர்க்‌ஷாப்பே கூடியிருந்தது. சின்ன ஸிஸ்டர், டயர்காரன், வாட்ச்மேன். மேலாளர்கூட எதையோ தேடுகிற மாதிரி வந்து நின்றார். சின்னவனில் சிலிண்டர்களை ஏற்றி, பட்டியை நானே மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் எதிரில் நின்று கையை நீட்டினாள்.

"என்னங்க, சாவி."

ஒர்க்‌ஷாப்பில். அத்தனை பேர் முன்னாலும். பழக்க தோஷத்தில் "இதோ ஸிஸ்டர்" என்று சொல்லித் தொலைத்தேன். டயர்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மேல போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காதே, அரை நிமிஷம்..."

"தெரியும்" என்றாள். ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, போய்விட்டாள். அடுத்த ஒரு மணி நேரம் ஒரே ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தாள். பதிவேட்டைத் திறந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு சொல் மாற்றாமல்: "மேட்டுச் சந்திப்பு. நான் சாலையில சேர்ந்து வேகம் பிடிச்சப்போ லாரி இன்னும் வளைவுலதான் இருந்துச்சு."

கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.